கணக்கில் காணாமல் போன பொன்னையா

கட்டுகஸ்தோட்டை ருஷ்தாவோடு வேலை செய்தால் பொழுது போவதே தெரியாது, தலை சுற்றுவதுதான் தெரியும். எங்கள் புற்றுநோய் மருந்து ஆய்வில் நான் தாதி, அவள் புள்ளிவிபரக்காரி. அவள் ஊர்ப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றால் இறங்கி நடந்தே கண்டிக்கு வந்துவிடுவாள். வந்ததும் கணினியைத் திறந்து, "எல்லாரும் சுகமா?" என்று இலக்கங்களிடம் விசாரிப்பாள்.

அப்போது அவள் மண்டையைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். கட்டி வளராமல் இருக்கும் காலமும் ஆள் உயிரோடு இருக்கும் காலமும் சேர்ந்தேதான் கூடிக் குறைகின்றனவா? அப்படியென்றால் முதலாவதை வைத்தே மருந்தை எடைபோடலாம்; வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இடையில் வராமல் நின்றுபோன நோயாளிகள் சிலர் இருந்தார்கள். அவர்களில் குண்டசாலைப் பொன்னையா அவளுக்குப் பிடித்த மனிதர். அவருக்குச் சீக்கிரமே கட்டி வளர்ந்துவிட்டதால் மருந்தை நிறுத்தியிருந்தோம். பிறகு ஆளும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. இப்படிப்பட்டவர்கள் கடைசியாகக் கண்ட நாள்வரை உயிரோடு இருந்தார்கள் என்று மட்டும் எழுதி, அத்தோடு நிறுத்திவிடுவது கணக்கில் வழக்கம்தான். நானும் அதையே சொன்னேன்.

"நோய் கூடின ஆக்கள்தான் காணாமப் போறாங்க நிரோஷினி. அப்ப அந்தக் கணக்கு பொய் சொல்லும். அவர் மவுத்தாகிட்டாரா, ஹயாத்தோட ஈக்கிறாரா எண்டு எனக்குத் தெரியோணும்" என்று சொல்லி, ஆள் செத்தாரா இருக்கிறாரா என்று பார்க்க என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பொன்னையாவின் ஒழுங்கையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடிகள். ருஷ்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒரு நாள் பிந்திவிட்டோமே என்று என்மேலேயே கோபம் வந்தது.

அப்போது ஏணி உச்சியிலிருந்து ஒரு குரல். "மிஸ், ஏணிய ஒரு கை புடிங்களேன், ஆடுது!"

மேலே பார்த்தால், வாயில் நூலைக் கடித்தபடி பொன்னையா!

"ஐயா, உங்களுக்குத்தான் கொடி கட்டியீக்காங்கண்டு நினைச்சேன்!" என்று ருஷ்தா கத்தினாள்.

"நமக்கு நாமே கட்டிக்க முடியுமா மிஸ்? கடைசி வீட்டுப் பெரியவரு தவறிட்டாரு. மரண உதவிச் சங்கத்துல கொடி கட்டுறது நான்தான். எனக்குச் சாக எங்க நேரம்?"

நான் சிரித்த சிரிப்பில் ஏணி இன்னும் ஆடியது. சாவு வீட்டுக்குப் போனவர்கள் முறைத்தார்கள்.

"பொறகு ஏன் வரல்ல?" என்றாள் ருஷ்தா.

அவர் மெதுவாக இறங்கினார். "அத்தனை பேரு பாடுபட்டீங்க. மருந்து எனக்குக் கேக்கல. நான் ஃபெயில். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

ருஷ்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஃபெயிலானது மருந்து ஐயா! நீங்க இல்ல!"

பொன்னையா இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அப்ப திங்கக்கிழம வரலாமா மிஸ்? என்கூட மருந்து எடுத்த வீரசிங்கமும் சீதாவும் இதே வெக்கத்துலதான் வீட்டுல இருக்காங்க. அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

ருஷ்தா அந்த இருவரையும் வேறு வழியின்றி, கடைசியாகக் கண்ட நாளோடு எப்போதோ கணக்கில் நிறுத்தியிருந்தாள். அவர்களும் உயிரோடு இருக்கிறார்கள் என்றதும், கொடிகளுக்கு நடுவே நின்று வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். நானும் சேர்ந்து துள்ளினேன்.