பழைய டப்பாவில் புதுத் துப்பாக்கி

பழைய வீடியோ கேம் வாங்கி விற்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, டப்பாவின் மேல் ஒட்டியிருப்பதை நம்பக் கூடாது என்பதைத்தான். 'லட்சம் கேம்' என்று ஸ்டிக்கர் இருக்கும். போட்டால் நாலே கேம் திரும்பத் திரும்ப வரும். செகண்ட்ஹேண்ட் கடை வைத்து அவதிப்படும் உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? தஞ்சாவூரில் எங்கள் கடைக்கு வருகிற மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

விசித்திர ஆர்டர்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒருவர், டி.வி.யில் மாட்டி ஆடும் பழைய கேசட் வீடியோ கேம் மெஷினோடு வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்தவராம். விமானத்திலிருந்து நூறு பேர் தீவில் குதித்து ஒருவரையொருவர் சுடுகிறார்களே, செல்போன் கேம், அதை இந்த மெஷினில் ஓட வைக்கவேண்டுமாம். மொபெட்டில் நெல் அறுக்க முடியுமா என்று கேட்பது மாதிரி இருந்தது. செத்த மெஷினை நம் தலையில் கட்டிவிட்டு, நாம்தான் கெடுத்தோம் என்று சொல்லப் போகிறாரோ?

"செல்போன்லயே ஆடலாமே?" என்றேன்.

"வேற எதுல ஓடினாலும் எனக்கு வேணாம் அக்கா. இதுல ஓடணும், என் லீவு முடியறதுக்குள்ள."

திருப்புளி வைத்தியம்

மெக்கானிக் செல்வம் ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் டி.வி.யில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. டப்பாவுக்குள் செல்போனை ஒளித்து வைத்திருப்பாரோ என்று திருப்புளி கொடுத்துக் கழற்றச் சொன்னேன். பச்சை போர்டும் செத்த கரப்பானும்தான் இருந்தன. திரையில் ஒரு பச்சைக் கோடு, அதுதான் தீவு. நாலு கட்டம் சேர்ந்தால் ஆள். ஒற்றைக் கட்டம் துப்பாக்கி.

"நூறு பேர் குதிப்பாங்கன்னாரே, ரெண்டே பேர் நிக்கிறாங்க?"

"இந்தக் கிழட்டு மெஷினு ரெண்டு பேரைத்தான் தாங்கும் அக்கா. மூணாவது ஆள் குதிச்சா தீவே நின்னுபோயிரும்."

தூண்டில்

துபாய்க்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். சின்ன வயதில் அவரும் தம்பியும் சேர்ந்து விளையாடிய மெஷினாம். சொத்துப் பிரித்ததிலிருந்து தம்பி பேசுவதில்லை. போனில் முகம் தெரியாதவர்களைச் சுட்டுக்கொண்டு கிடக்கிறாராம். இதில் சுட வேண்டுமென்றால் வீட்டிலிருக்கும் அண்ணனைத்தானே கூப்பிட்டாக வேண்டும்?

எனக்குப் பொறி தட்டியது. ஏதோ கையெழுத்து வாங்கத்தான் இந்தத் தூண்டில். நேராகவே கேட்டேன்.

"போர்செட் இருக்கற வயலையே அவன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன் அக்கா. இனிமே அவன் வாயால 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தைதான் வாங்கணும்."

புகார்

சில நாள் கழித்து, அதே மூக்கோடு வேறொருவர் அதே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். தம்பி! அடிதடியாகிவிட்டதோ என்று மெஷினில் உடைசல் தேடினேன்.

"ஜாய்ஸ்டிக் ஒயர் குட்டையா இருக்குங்க, நீளமா மாத்திக் குடுங்க. ஒட்டி உக்கார வேண்டியிருக்கு. அண்ணன் முழங்கையால இடிச்சு இடிச்சே என்னைச் சுட்டுடறாரு."

செல்வம் ஒயர்ச் சுருளை எடுக்கக் குனிந்தார். நான் அதைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு, "அந்த ஒயர் இப்ப வர்றதே இல்லைங்க" என்றேன். தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி விடுங்க, நானும் இடிச்சுக்கறேன்."

வந்தவர், போனவர், வேலை பார்த்தவர் என்று ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டேன். கடைசியில் கடையில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.