இருபது வருஷக் கறை

தையல்காரம்மா சாயங்காலம் நாலு மணிக்கு மிஷினை நிறுத்துவாள். கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, மாமியார் கொடுத்த பீங்கான் டீபாட்டில் டீ போடுவாள். கூடவே, வெண்ணெய் தடவி மடித்து மடித்து அவளே சுட்ட பப்ஸ். டீபாட்டின் உட்புறத்தை இருபது வருஷமாக அவள் சோப்புப் போட்டுத் தேய்த்ததில்லை. தண்ணீரில் அலசுவதோடு சரி. அந்தக் கறையில்தான் ருசியே இருக்கிறது என்பாள்.

"அம்மா சாமான் மகளுக்குத்தான்" என்று வருஷக்கணக்காக மல்லுக்கு நிற்கும் நாத்தனார் அன்றைக்கு வந்தாள். பப்ஸ் வெந்ததா என்று இவள் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், நாத்தனார் டீபாட்டைச் சோப்பும் நாருமாகத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டாள்.

"இவ்வளவு அழுக்காவா வெச்சிருப்பீங்க அண்ணி? எங்கம்மா மானமே போச்சு!"

தையல்காரம்மா அதிலேயே டீ போட்டு நீட்டினாள். ஒரு வாய் குடித்ததும் நாத்தனார் முகம் கோணியது.

"ஐய, என்ன இது, சோப்பு நாத்தம்?"

"எல்லாம் உன் கைவண்ணம்தான். மிச்சம் வைக்காமக் குடி. மறுபடி கறை பிடிக்க இருபது வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்த வீட்ல உனக்கு டீ கிடையாது."

பப்ஸ் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடவுளிடம் மன்னிப்பை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.