தொட்டி மூடியில் வைத்த சந்தனம்

மூத்த மகன் பிறை டவுனில் தொழிற்சாலை சூப்பர்வைசர் ஆகிவிட்டான். அவன் மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் தப்பில்லாமல் சொல்கிறாள். அவள் தம்பி ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது. காலில் முள் குத்தாமல் இருந்திருந்தால் அவனும் முதலாவதுதான். என் மகள் சரசு கூலிமில் ஆசிரியை, அது எல்லோருக்கும் தெரியும். அவள் மகனுக்கு மூன்று வயதுதான், அதற்குள் மூன்று சக்கர சைக்கிளைப் பின்பக்கமாகவே ஓட்டுகிறான்.

தோட்டத்தை விட்டு வந்த பிறகு இதையெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி பட்டறைக்கார ஞானப்பிரகாசம் தம்பிக்கு எழுதிப் போடுவது என் வழக்கம். இந்த ஆண்டுக் கடிதத்தையும் எழுதி உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர் மணி அடித்தார். தம்பியின் மனைவி ரெஜினா எழுதியிருந்தாள். தம்பி போய்விட்டார். அடக்கம் முடிந்தே எட்டு நாள் ஆகியிருந்தது. ஒட்டிய உறையைப் பிரிப்பதா, அப்படியே அனுப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்ன நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறார்களாம். "அவரத் தெரிஞ்சவங்க நாலு வரி எழுதினா நல்லாருக்கும் அக்கா" என்று ரெஜினா கேட்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கோவையாக வராது. மெர்போக் சாலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த ஞானம் தம்பியை உங்களுக்கெல்லாம் தெரியும். என் வீட்டில் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வேலை எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

சரசு ஐந்தாம் படிவத் தேர்வு, அதான் பள்ளியின் கடைசித் தேர்வு, எழுதிய ஆண்டு அது. தேர்வு சுங்கைப் பட்டாணியில், காலை எட்டு மணிக்கு. எங்கள் தோட்டத்து முச்சந்திக்கு முதல் பஸ் வருவதே ஏழரைக்கு மேல். என் வீட்டுக்காரரின் பழைய மோட்டார் சைக்கிளை விட்டால் வேறு வழி இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் கெஞ்சிக் கேட்டு, அந்த நாள்களில் ரப்பர் பால் வெட்டுக்குத் தாமதமாக வர அனுமதியும் வாங்கிவிட்டார். எங்கள் லயத்து வீடுகளில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தத் தேர்வு வரை போனதில்லை.

ஆயுத பூசை முடிந்த மறுநாளிலிருந்து வண்டிக்குப் பேய் பிடித்தது. உதைத்தால் உடனே கிளம்பும். இரண்டு மைல் ஓடும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். இறங்கி, தொட்டி மூடியைத் திறந்து பார்ப்பார், பெட்ரோல் எண்ணெய் தளும்பும். மூடிவிட்டு உதைத்தால் மறுபடி கிளம்பும். மறுபடி இரண்டு மைல். "வண்டியா இது, எரும! நெனச்ச எடத்துல படுத்துக்குது" என்று கத்துவார். பக்கத்து வீட்டு லெட்சுமி, "என்னாக்கா, அண்ணன் ரெண்டாங்கட்ட மைல்கல்லுல எறங்கி எறங்கி யார பாத்துட்டு வர்றாரு?" என்று கேட்டுச் சிரிப்பாள். எனக்கு எரியும்.

தோட்டத்து லாரி ஓட்டுநர் பிளக்கை மாற்றினார். டவுனில் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்றார் ஒருவர். தொட்டிக்குள் துரு என்றார் இன்னொருவர். குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் எண்ணெய் நன்றாகத்தான் கொட்டியது. பார்க்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஓட்டும்போது மட்டும் நிற்கிறது. இது கண்ணேறுதான் என்று நான் முடிவு செய்தேன். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் உதிர்வதற்குள் வெள்ளிக்கு வெள்ளி இன்னும் கெட்டியாகக் குழைத்துத் தொட்டி மூடி மேல் அப்பினேன். மூடியின் நடுவில் சின்னப் பள்ளம் ஒன்று இருந்தது. பொட்டு வைக்கத் தோதாக அந்தக் கம்பெனிக்காரன் விட்டிருக்கிறான் என்றே நினைத்துக் குங்குமத்தை விரலால் அழுத்தி வைப்பேன். அடுத்த வாரம் வண்டி ஒரு மைலிலேயே நின்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் தேர்வு. சரசு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். "நின்னுதுன்னா நான் நடந்துடுறேம்மா" என்றாள். ஒன்பது மைல்.

ஆள் அனுப்பியிருந்தோம். மாதா கோயிலில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் ஞானம் தம்பி. என் வீட்டுக்காரர் வழக்கம்போல மூடியைத் திறக்கப் போனார். "மூடியத் தொடாதீங்க அண்ணே. ஓடுறப்ப எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும் லா" என்றார் தம்பி. எண்ணெய்க் குழாயைக் கழற்றி, அதன் கீழே காலி மீலோ டின் ஒன்றை வைத்தார். எண்ணெய் கொட்டியது. பிறகு நூல்போல வந்தது. பிறகு சொட்டியது. பிறகு நின்றே போனது. "வாங்கிப் போட்ட நாள்லேருந்து சனியன்! இதுக்கு எவன் என்னா செஞ்சான்னு தெரிஞ்சா கைய ஒடிச்சிருவேன்" என்றார் என் வீட்டுக்காரர். தம்பி டின்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஒரு ஊசி குடுங்க."

"தைக்கிற ஊசியா தம்பி?"

"அதான். அப்படியே ஒரு காப்பியும். அண்ணே, நீங்க கொஞ்சம் பழந்துணி எடுத்தாங்க."

மோட்டாருக்கு எதற்கு ஊசி என்று எனக்கு விளங்கவில்லை. காப்பியோடு திரும்பி வந்தபோது மூடி கழுவித் துடைத்துப் பளபளவென்றிருந்தது. என் சந்தனம் போயிருந்தது. முகம் சுருங்கிவிட்டது எனக்கு. கோயிலுக்குப் போய் வந்த கையோடு நம் சாமி சந்தனத்தை அழித்துவிட்டாரே என்று நினைத்தேன். இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அவர் அதைக் கண்டுகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வண்டிக்கு நெத்தி இது இல்ல. முன் வெளக்குதான் நெத்தி. எவ்வளவு வேணும்னாலும் அங்க வைங்க."

நான் விளக்கின் மேல் சந்தனம் வைத்தேன். மறுநாள் வண்டி ஒன்பது மைலும் நிற்காமல் போனது. தேர்வு முடியும்வரை ஒரு நாளும் நிற்கவில்லை. ஊசியைத் திருப்பித் தந்தபோது, "பத்திரமா வைங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் சும்மா இருந்தேனா? ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, "மூடியில வைக்காதீங்கடா, நெத்தி வெளக்குதான்" என்று லயம் முழுக்கச் சொல்லி வந்தேன். சரசு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கும் சொன்னேன். இடம் மாற்றிப் பொட்டு வைத்ததால்தான் வண்டி குணமானது, என் மகள் ஆசிரியை ஆனாள் என்றேன். பக்கத்தில் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பாயசத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

இந்தப் பொட்டுக் கதையை மலரில் எழுதலாமா என்று ரெஜினாவைக் கேட்டிருந்தேன். போன வாரம் வந்த அவள் பதில் கடிதத்தில்தான் இது இருந்தது: "மூடி நடுவில் உள்ள பள்ளம் பள்ளமில்லை அக்கா, ஓட்டை. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் கீழே இறங்கும். அவர் உங்களிடம் சொல்லவே இல்லையா? டின் பாலுக்கு நாம் இரண்டு ஓட்டை போடுகிறோமே, அதேதான் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

ஓட்டையை அடைத்திருந்த சந்தனத்தைக் குத்தி எடுக்கத்தான் ஊசி கேட்டிருக்கிறார். மூடியைத் திறந்து பார்த்தபோதெல்லாம் காற்றுப் போயிருக்கிறது. அதனால் எண்ணெய் வந்திருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி என் கையாலேயே என் மகளின் தேர்வை அடைத்து வைத்திருக்கிறேன். அன்று காலை அவருக்குக் காப்பி கலக்க, அடுப்படிச் சன்னலோரம், வெளியே நின்ற அவர் கண் முன்னாலேயே டின் பாலில் இரண்டு ஓட்டை போட்டேன். அதைப் பார்த்து அவர் ஏனோ சிரித்தார். "என்னா தம்பி?" என்றேன். "ஒன்னுமில்லக்கா, பால் நல்லா எறங்குது" என்றார்.

ஏன் சொல்லவில்லை? என் வீட்டுக்காரர் கையை ஒடிக்கிறேன் என்று நின்றதாலா? வேறு மதத்தவர் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வேன் என்றா? ஐந்தாம் வகுப்புக்காரிக்குப் புரியாது என்றா? கடைசியாகச் சொன்னது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது. டின் பால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கும். கேட்க ஆள் இல்லை. சிரிப்பு வருகிறது, பாதியில் அழுகையாகிவிடுகிறது. பட்டறைக்கு வருகிறவர்களிடம் அவர், "எண்ணெ வரலன்னா எண்ணெய மட்டும் பாக்காதீங்க, காத்து வருதான்னு பாருங்க" என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது எனக்கும்தான் என்று தோன்றவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு ரெஜினாவின் கடிதத்தை இன்னும் படித்துக் காட்டவில்லை. இந்த மலர் வந்ததும் அவரே படித்துக்கொள்ளட்டும்.

அந்த ஊசி என்னிடம் இருக்கிறது. நூல் கோக்காமல் தனியாகத் துணியில் குத்தி வைத்திருக்கிறேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுவும், பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தை எழுதி ஒட்டிய அந்தக் கடிதமும்தான். கடிதத்தை இந்த எழுத்தோடு சேர்த்து அனுப்புகிறேன் ரெஜினா. அவர் பெயருக்கு எழுதியது. நீ பிரித்துப் படி.

நீ அனுப்பிய படத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையாக இருக்கிறார், அடையாளமே தெரியவில்லை. பட்டறையில் எடுத்த புதுப்படம் இருந்தால் ஒன்று தபாலில் போடு. படத்துக்குச் சந்தனம் வைப்பது உங்கள் வழக்கத்துக்கு ஒத்துவருமா என்றும் ஒரு வரி எழுது. வைக்கலாம் என்றால், எந்த இடத்தில் வைப்பது என்றும் சொல்லிவிடு.