திவசம் முடியும்வரை நின்ற கார்

இவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கதையையும் கார்க் கதையையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது, உள்ளே இரத்தம் கசிகிறது என்றார் கண் டொக்டர். லேசர் அடித்துப் பார்க்கலாம், ஆனால் எவ்வளவு காலத்துக்குக் கார் ஓடலாம் என்று உறுதி சொல்ல முடியாதாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவரோ வீட்டுக்கு வரும் வழியில், அப்படியென்றால் அதற்கு முன்னம் முடித்துப்போட வேண்டும் என்றார். திருத்தி முடிக்க வேண்டியது அந்தப் பழைய அமெரிக்கக் காரை. அதை ஒருநாளாவது தன் கையால் ரோட்டில் ஓடவேண்டும், அவ்வளவுதான் இவருடைய ஆசை.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், எங்கள் தெரு நல்ல ஏற்றம். அடியில் வாடகைக்கு எடுத்த கராஜில் கார் நின்றது. அறுபதுகளில் செய்த, எட்டு சிலிண்டர் கார். அதன் முன்பக்கம் மட்டும் எங்கள் குசினியளவு நீளம். கப்பலில் வந்து இறங்கியபோது கதவுகளின் அடியைக் கறள் தின்றிருந்தது, பின் சீற்றுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. எங்கள் ஆக்கள் எல்லோரும் பளபளவென்று ஜெர்மன் கார் வாங்க, இந்த மனுசன் மட்டும் இதை வாங்கினார். ஏன் என்று கேட்டால், பிடித்தது என்பார். நான் முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்து, கால் கடுக்க வந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு கராஜுக்கு இறங்குவேன். திரும்பி ஏறும்போது அந்தக் காரைத் திட்டிக்கொண்டே ஏறுவேன்.

இந்த மாதிரிக் கார்களுக்கு எல்லாச் சாமானும் புதிதாகவே கிடைக்கும். பழையதைப் பார்த்து அச்சொட்டாகச் செய்து விற்கிறார்கள், வாங்கிப் பூட்டினால் சரி. இவர் அவற்றுக்கு வைத்த பெயர் கொப்பி. கொப்பியைக் கையாலும் தொடமாட்டார். கதவுக் கைப்பிடியிலிருந்து சீற்றுக்கடியில் கிடக்கும் ஆணிவரை, அந்தக் காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் செய்ததாகவே இருக்கவேண்டும். அமெரிக்காவில் யாரோ உடைந்த காரிலிருந்து கழற்றி வைத்திருப்பதை இணையத்தில் தேடிப் பிடித்து, மாதக்கணக்கில் காத்துக்கிடப்பார். பொதி வந்து சுங்கக் கந்தோரில் நிற்கும். ஒருமுறை நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி பெட்டியைத் திறந்து, கறள் பிடித்த இரும்பொன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாராவது உங்களை ஏமாற்றிவிட்டார்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். இவர் முகமெல்லாம் மலர்ந்து, அது என்ன, ஏன் அரிது என்று விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

டொக்டர் சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதைக்குக் கொப்பியைப் பூட்டி ஓடுங்கோ, ஒரிஜினலைப் பிறகு ஆறுதலாக மாற்றலாம் என்று எத்தனையோ தரம் கெஞ்சினேன். இவர் இணையத்தில் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியாக வந்து சேர வேண்டியிருந்தது கார்புரேட்டர், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சாமான். அதுவும் ஒருவழியாக வந்தது. கழுவித் துடைத்துப் பூட்டித் திறப்பைத் திருகினார். கராஜின் தகரக் கதவு கிடுகிடுத்தது. எதிர்வீட்டு ஜெர்மன்காரி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாத்தினாள். இவர் எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இனி ரோட்டில் விடுவதற்கான பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அதற்கு அடுத்த கிழமையே டெர்மின், நேரம் குறித்த நாள், கிடைத்தது.

அந்தக் கிழமைக்குள் ஊரிலிருந்து போன் வந்தது. மாமி, இவருடைய அம்மா, போய்விட்டார்.

போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. கொழும்புவரை போனாலும் அதற்கப்பால் போக வழியில்லை. இவர் மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். தம்பிதான் வைத்தான். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் வரவேற்பறையில் நின்று பறைச் சத்தத்தைக் கேட்டார். பிறகு இங்கே கோயிலில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தார். அது முடிந்ததும், பரிசோதனைக்குப் புது டெர்மின் எடுப்போமா என்று கேட்டேன். ஆண்டுத் திவசம் முடியாமல் வீட்டில் புது வாகனம் ஓடக்கூடாது என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது வயதுக் கிழட்டுக் கார் எந்த ஊரில் புது வாகனம் என்று கேட்டேன். தனக்கு அது புதுசுதானே என்றார். நான் விடவில்லை, கோயில் ஐயரிடமே போனேன். கலியாணம் போன்ற அவசரமென்றால் மாதாமாதம் செய்கிற மாசியங்களில் மிச்சத்தையும் சேர்த்துச் செய்து, திவசத்தையும் முன்னுக்கே முடிக்கிற வழக்கம் உண்டு, உங்களுக்கும் கண் விசயமென்பதால் செய்து தருகிறேன் என்றார் ஐயர். பெரிய ஆறுதலோடு வந்து இவரிடம் சொன்னேன்.

"அது கொப்பி," என்றார். "செத்தவீட்டுக்குத்தான் போக ஏலாமல் போச்சு. இந்த ஒரு வருசத்தையாவது அம்மாவுக்கு ஒழுங்காக் குடுக்கிறன்."



அந்த வருசம் எங்களைத் தின்றுவிட்டது. லேசர் அடித்தார்கள், ஊசி போட்டார்கள். ஞாயிறுகளில் கராஜுக்குப் போய்க் காரைத் துடைத்துவிட்டு வருவார். முதலில் கண்ணால் பார்த்துத் துடைத்தவர், பிறகு கையால் தடவித் தடவித் துடைத்தார். தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். கடிதங்களை நான் வாசித்துக் காட்டினேன். நான் போரோடு கோபித்தேன், பாதையோடு கோபித்தேன், செத்துப்போன மாமியோடும் கோபித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வேலைக்குப் போய், டொக்டரிடம் போய், சமைத்து, மாத்திரை கொடுத்து, கோபிக்கவும் தெம்பில்லாமல் படுத்துவிடுவேன். திவசம் வரும் முன்பே, இனிக் கார் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவர் ஓம் என்று தலையாட்டினார்.

திவசம் முடிந்தது. இலையெல்லாம் எடுத்து எறிந்து வந்த என்னிடம் திறப்பைத் தந்தார். இவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நான்தான் பரிசோதனைக்கு ஓடிக்கொண்டுபோனேன். பரிசோதிக்கிறவர் வண்டிக்கு அடியில் நெடுநேரம் நின்று, இவ்வளவு ஒரிஜினலாக ஒன்றை வெகுகாலமாகப் பார்க்கவில்லை என்றார். இவர் கையைக் கொடுத்தார். கை கொஞ்சம் தள்ளிப் போனது. அந்த மனிதர் அதை எட்டிப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வரும்போது ஆற்றோர ரோட்டில் வந்தோம். கொஞ்ச நேரம் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தவர், எப்படி ஓடுகிறது என்று கேட்டார்.

அக்சிலரேட்டரில் காலை வைத்ததும் அந்த நீள முன்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. அந்தச் சத்தம் என் முதுகுக்குள் இறங்கி, வேலை அலுப்பையெல்லாம் உலுப்பி எடுத்தது. இத்தனை வருசமும் நான் திட்டித் தீர்த்த சனியன் எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாரமாக் கிடக்கு," என்றேன். "வேறை ஒண்டுமில்லை."

"பொய் சொல்லாதையும்," என்றார். "நான் இனி இதை ஓடப்போறதில்லை. நீர்தான் சொல்லவேணும்."

அதுவரை அதை இவர் வாயால் சொன்னதில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். ஸ்டியரிங் கொஞ்சம் பிந்தித்தான் திரும்புகிறது என்றேன். ஏற்றத்தில் மூச்சே வாங்கவில்லை என்றேன். முன்னால் ஒரு பஸ் போகிறது, சந்தி வருகிறது, சிவப்பு விழுந்துவிட்டது, இந்தா மிதிக்கிறேன் என்றேன். திரும்பிப் பார்த்தேன். என் காலோடு சேர்ந்து இவருடைய வலது காலும் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.