ஊதிக் குடித்த ஜெபம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கொச்சி மட்டாஞ்சேரியில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, ஐஸ் போட்ட நாரங்கா சோடாவை, அதாவது எலுமிச்சை சோடாவை, நான் ஊதி ஊதிக் குடித்தேன். பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் பாபுச் சேட்டன் முதலில் என் கிளாஸைத் தொட்டுப் பார்த்தார். அது ஜில்லென்று இருக்கவே, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “எந்தா ராஜா, பனியுண்டோ?” என்றார். இந்த ஊரில் பனி என்றால் காய்ச்சல். இல்லை என்று தலையாட்டினேன். மெஞ்ஞானபுரத்தில் பிறந்தவன் நான். ஊர்ப் பெயரிலேயே ஞானம் இருக்கிறதே, பிள்ளைகளுக்குத் தனியாக எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஊதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சோறு என்றில்லை, ஒரு வாய் டீயானாலும் கண்ணை மூடி ஒரு வரி ஜெபித்துவிட்டுத்தான் குடிப்போம். கொச்சிக்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக வந்த புதிதில், ஹம்சா இக்காவின் சாயாக்கடையிலும் அப்படியே செய்தேன். “உறங்ஙிப் போயோ?” என்று பாபுச் சேட்டன் தோளைத் தட்டினார். தூங்கவில்லை, ஜெபிக்கிறேன் என்றேன். அவ்வளவுதான். மறுநாள் முதல் நான் கடைக்குள் கால் வைத்தாலே இரண்டு கையையும் தூக்கி “அல்லேலூயா!” என்று வரவேற்பு. அதனால் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். கிளாஸை வாயருகே பிடித்து, சூடு ஆற்றுகிற மாதிரி ஊதிக்கொண்டே ஜெபிப்பது. நாலு வருஷம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வெயில் கொளுத்திய அன்று சோடா வாங்கியதுதான் பிசகு. கைக்குக் கிளாஸ் வந்ததும் வாய் தன்பாட்டில் ஊத ஆரம்பித்துவிட்டது.

மற்ற மதத்துக்காரர்கள்மேல் எனக்குப் பொறாமை. இதை நேராகவே சொல்லிவிடலாம். என் தொழிலுக்கு எல்லா மதத்துச் சமையலறையும் கதவு திறக்கும். குஜராத்தித் தெரு ஜைன வீட்டில் நான் கொண்டுபோகும் பையில் முட்டை போண்டா ஏதும் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நானும் பயபக்தியோடு இல்லை என்பேன். கொங்கணிக் கடைக்காரர் கல்லாப்பெட்டிக்குச் சாம்பிராணி காட்டி முடிக்கும்வரை பில்லை நீட்டாமல் நிற்பேன். தொழுகைக்கு வாங்கு சத்தம் கேட்டு ஹம்சா இக்கா பள்ளிவாசலுக்குப் போனால், பாபுச் சேட்டனே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சாயா அடிப்பார். அந்தச் சாயாவை நாய்கூடக் குடிக்காது. ஆனாலும் எல்லோரும் கேலி செய்யாமல் மரியாதையாகக் குடிப்போம். நான் கண்ணை மூடினால் மட்டும் அது காமெடி ஷோ. இக்காவின் மகனுக்கு பெங்களூரில் பெயரைக் கேட்டுவிட்டு வீடு தராமல் அலையவிட்ட கதை எனக்குத் தெரியாததல்ல. பொறாமைக்கு அதெல்லாம் காதில் விழாது.

சரி, கேரளத்தில்தான் கிறிஸ்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்களே, அவர்களோடு ஒட்டிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு பழைய சுரியானிக் கிறிஸ்தவ வீட்டில் ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் நிரப்பும்போது, நாங்களும் கிறிஸ்தவர்கள்தான் என்று ஆசையாகச் சொன்னேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, “எப்போழா மாறியது?” என்று கேட்டார். இயேசுவின் சீடர் தோமா காலத்திலேயே மதம் மாறியவர் கேட்கிறார்.

இதே கேள்வியை ஊரில் கேட்டவர்கள் இதைவிடச் சுற்றி வளைக்காதவர்கள். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒருவன் திருநீறு பூசுவான், ஒருவன் தொப்பி வைப்பான், யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். என் டிரங்குப் பெட்டிமேல் பைபிளைப் பார்த்ததும், “எத்தன மூட்ட கோதுமைக்கு மாறுனீங்க மாப்ள?” என்பார்கள். அப்படி மூட்டை மூட்டையாக வந்திருந்தால் எங்கள் வீட்டில் ஏன் ரேஷன் அரிசி? கடவுளே கிடையாது என்று சண்டை போடும் ஒரு சீனியர் இருந்தார். கோவில் பொங்கலையும் நோன்புக் கஞ்சியையும் தாராளமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விவாதத்துக்கு மட்டும் என் பைபிளைத்தான் இரவல் கேட்பார். இப்போது வாட்ஸாப்பில் அதே கூட்டம். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் பூங்கொத்து பறக்கிறது. நான் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் போட்டால் “ஆள் பிடிக்காதே” என்று பதில் வருகிறது. எங்கள் ஆட்களும் சும்மா இருப்பவர்கள் அல்ல. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்குள் துண்டுப் பிரசுரம் திணிப்பார்கள், மைக் பிடித்து நோயை அதட்டுவார்கள். அவர்கள் அடிக்கிற கூத்துக்கு என் டீ ஏன் ஆறவேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

சோடா விவகாரம் நடந்து பத்து நாள் இருக்கும். இக்காவின் மனைவிக்கு வயிற்றில் கட்டி. எறணாகுளத்தில் மறுநாள் ஆபரேஷன். இக்கா அடுப்பைத் தணித்துவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். பாபுச் சேட்டன் மெதுவாக, “ஞான் பகவதிக்கு ஒரு நேர்ச்ச நேர்ந்நிட்டுண்டு இக்கா” என்றார். நேர்ச்சை என்பது நேர்த்திக்கடன். இக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ராஜா, நீயும் உன்ற ஆளோட ஒண்ணு பறயணும். வீட்டில போயிட்டு வேண்டா. இவிடெ, இப்போ.”

எல்லோர் முன்னாலும் என் இயேசுவிடம் ஜெபிக்கச் சொல்லி, நாலு வருஷமாக நான் ஏங்கிய அழைப்பு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எப்படியும் சிரிக்கத்தானே போகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியதுதான் தாமதம், இரண்டு கையையும் தூக்கி, கூட்டங்களில் மைக் பிடிப்பவரின் கரகரத்த குரலில், “கட்டியே! வெளியே வா!” என்று கத்திவிட்டேன். பாபுச் சேட்டனுக்குச் சிரிப்பில் புரையேறியது. இக்கா திரும்பிப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கிளாஸ்களை மறுபடி கழுவினார்.

அன்று வீட்டில் நானும் என் மனைவி கிருபாவும் முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபித்தோம். கடையில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இக்கா கடை திறந்தார். பாபுச் சேட்டனுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த நெய்ப்பத்திரி, அரிசிமாவில் பொரித்த ரொட்டி. எனக்குச் சாயா. குறையொன்றுமில்லை, நல்ல சாயாதான். அந்தப் பத்திரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. பாபுச் சேட்டன் சவாரிக்குப் போனதும் கிட்டே போனேன்.

“இக்கா, நாங்க ரெண்டு பேரும் வீட்ல முட்டுப்போட்டு ஜெபிச்சோம்.”

தலையாட்டினார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். “பாபுச் சேட்டன் நேர்ச்சன்னு சொன்னப்ப யாராச்சும் சிரிச்சாங்களா? எங்க சாமின்னா மட்டும் ஏன் இக்கா எல்லாருக்கும் சிரிப்பு வருது?”

இக்கா பாலை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“அன்னிக்கு நீயல்லே முதல்ல சிரிப்பிச்சது?”