இடது கால்தான் வழக்கம்

கோபத்தில் எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் பதினான்கு குறுஞ்செய்திகள், எல்லாம் ஒரு ஜோடி ஷூவுக்காக. ஜெர்மனியில் இருக்கும் மகன் என் பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பியது. பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, ஆதார் அனுப்பவும் என்றது முதல் செய்தி. அனுப்பினேன். படம் தெளிவாக இல்லையாம். மறுபடி அனுப்பினேன். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதாம். நான்காவது முறை ஏற்றுக்கொண்டு வரி என்று ஒரு தொகையைக் காட்டினார்கள். ஷூ விலையில் பாதிக்கு மேல். அதற்கு மேல் கூரியர்காரனின் கட்டணம். அந்தக் கட்டணத்துக்கும் ஒரு வரி.

வரி கட்டமாட்டேன் என்று சொல்கிறவனல்ல நான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஷிப்பிங் குமாஸ்தா. சுங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய தாள்களிலேயே தலை நரைத்தவன். என் எரிச்சல் வேறு. மகன் போனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷூ நாக்கின் உள்பக்கம் 'மேட் இன் இந்தியா' என்றிருந்தது. அதற்குக் கீழே தொழிற்சாலை எண். அது யாருடைய எண் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு மாடியில் நின்றால் அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி தெரியும். நடந்தால் ஆயிரத்து இருநூறு அடி, நிதானமாகப் போனால் கொஞ்சம் கூடும். இங்கே தைத்த ஷூ கப்பலேறிப் போய், என் மகன் காசு கொடுத்து வாங்கி, ஊருக்குத் திரும்பி வந்தால் அது அந்நியச் சரக்காம்.

கூரியர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆறு நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"இது எங்க ஊர்ல தெச்சதும்மா. மாடியில நின்னா கம்பெனி தெரியுது."

"ஓகே சார். ஆனா பார்சல் வெளிநாட்லேர்ந்துதானே சார் வருது?"

"ஒரு தடவ வெளிநாடு போய்ட்டு வந்தா நானும் வெளிநாட்டுக்காரனா?"

"அதுக்கு சிஸ்டம்ல ஆப்ஷன் இல்ல சார்."

அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது. கிண்டல் செய்தால் பதிலுக்குத் திட்டலாம். நிஜமாகவே அப்படி ஓர் ஆப்ஷன் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

அவள் அனுப்பிய லிங்கைத் திறந்தேன். பொருள் எதற்காக வருகிறது என்று கேட்டு மூன்று வட்டங்கள். அன்பளிப்பு, சாம்பிள், சொந்த உபயோகம். என் விரல் நடுவட்டத்துக்கு மேலே போய் நின்றது. முப்பத்தொரு வருடப் பழக்கம், அதுவாகவே போகிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனேன். அடுத்த மூன்று நாள் அதைத் தொடவில்லை. ஆக, பார்சல் தாமதமானதில் மூன்று நாள் என் கணக்கு. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சாம்பிள் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை அடிக்கும். எங்கள் கம்பெனியில் சாம்பிள் ரூம் என்று ஓர் அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் மூக்கு எரியும். பதினெட்டு அலமாரி, தரையிலிருந்து கூரை வரைக்கும் ஷூக்கள், அத்தனையும் இடது கால். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வலது கால் எங்கே என்று கேட்பார்கள். விஷயம் எளிது. ஒற்றைக் காலை யாரும் போட முடியாது, விற்கவும் முடியாது. அதனால் மாதிரி என்று ஒப்புக்கொண்டு வரியில்லாமல் விடுவார்கள். நாங்கள் வெளிநாட்டுக்கு இடதுதான் அனுப்புவோம், அங்கிருந்து வருவதும் இடதுதான். எப்போதாவது ஜோடியாக வந்தால் சுங்கத்தில் ஒன்றின் அடியில் துளை போட்டுத் தருவார்கள். அப்புறம் அதுவும் விற்க உதவாது. பார்சலுக்கான தாளில் 'காலணி மாதிரி, விற்பனை மதிப்பு இல்லை' என்று நான் எழுதுவேன். எத்தனை ஆயிரம் முறை எழுதினேனோ, அது ஒன்றைத்தான் எண்ணாமல் விட்டேன்.

கட்டிங் செக்‌ஷனில் அந்தோணி என்று ஒருவர். அவருடைய மகள் ஸ்டெல்லாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டை. காலையில் சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார். சாயங்காலம் அழைத்து வந்து, ஷிஃப்ட் முடியும் வரை கம்பெனி கேட்டில் உட்கார வைப்பார். ஊரே ஷூ தைக்கிறது, அவளுக்கு ஒன்று தைக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கட்டைகள் எங்களிடம் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரக் கால் அளவு. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு வைத்த பூட்ஸ் அவள் கணுக்காலை அறுத்தது.

ஆர்டர் பார்க்க வந்த ஜெர்மன்கார அம்மாள் ஒரு நாள் கேட்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தாள். என் மேசைக்கு வந்து இரண்டு தாள் வாங்கிப்போய், தரையில் மண்டியிட்டு, இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் வரைந்துகொண்டாள். ஐந்து மாதம் கழித்து, மே மாதக் கடைசியில், கம்பெனி பெயருக்கு ஒரு பார்சல் மீனம்பாக்கம் விமான நிலையச் சுங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தோணி அன்றே என் மேசைக்கு வந்துவிட்டார்.

"ஜூன்ல ஸ்கூல் தொறந்தா நானே நடந்து போறேன்னு தெரு பூரா சொல்லிட்டா சார். எப்டியாவது வாங்கியாந்துடுங்க."

வரி வரும், ஜாஸ்தியாகவே வரும். அந்தோணிக்குப் பாதி மாதச் சம்பளம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அதைக் காப்பாற்றித் தருகிறேன் என்றேன். நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே. துளை போட்டாலும் தோல் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாளில் காலணி மாதிரி, விற்பனை மதிப்பு இல்லை என்று எழுதி, கம்பெனி முத்திரை குத்தி, காலை ரயிலில் போனேன்.

நான்கு கவுண்டர், பதினோரு முத்திரை. கடைசிக் கவுண்டரில் இருந்த அதிகாரி பெட்டியைத் திறந்தார். பழுப்பு நிற ஷூ, பூப்போல மெல்லிய தோல். ஒன்றின் அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கார்க் வைத்திருந்தது, வெளியே தெரியாதபடி தோல் போர்த்தி.

"சாம்பிள்னு போட்ருக்கீங்க. ஜோடியா வந்திருக்கே?"

"ஆமா சார்."

"அப்ப ஒண்ணுல ஓட்ட போட்டுத்தான் குடுக்கணும். எந்தக் கால்ல போடட்டும்?"

மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

"இடது கால்தான் சார் வழக்கம்."

வாய் சொல்லிவிட்டது. ஸ்டெல்லாவுக்குக் குட்டை இடது கால் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. துளைக்கருவியை எடுக்க ஆள் நான்கு அடி நடந்து போனான். நான்கு அடி திரும்பி வந்தான். அந்த எட்டு அடிக்குள் சொல்லியிருக்கலாம். சார், இது சாம்பிள் இல்லை, ஒரு பெண் போட்டுக்கொண்டு நடக்க வந்தது என்று. சொன்னால் பொய்த் தாள் கொடுத்தவன் ஆவேன், கம்பெனி பெயர் கெடும், வேலை போகலாம். வரியை என் கையிலிருந்தே கட்டியிருக்கலாம், பையில் பணம் இருந்தது. நான் சுவரில் இருந்த விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். மூன்று. கார்க் விரிசல் விடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் என் மேசையில் வைத்து அந்தோணி பெட்டியைத் திறந்து, ஷூவைத் திருப்பி, துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"பரவால்ல சார். காத்தோட்டமா இருக்கும்."

அதிகாரிகள் பண்ணின வேலை என்றேன். எந்தக் கால் என்று கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்லவில்லை. கேன்டீனில் அவர் ஒரு வாரம் கவர்மென்ட்டைத் திட்டினார். அவரைவிடச் சத்தமாக நான் திட்டினேன்.

துளையில் தோல் துண்டை அடைத்து, சொல்யூஷன் தடவி, அந்தோணி தன்னால் ஆனதைச் செய்தார். ஜூனில் ஸ்டெல்லா நடந்துதான் பள்ளிக்குப் போனாள். என் ஜன்னல் வழியாகத்தான் போவாள். "பாத்தீங்களா அங்கிள்" என்று முதல் நாள் நின்று காலைத் தூக்கிக் காட்டினாள். எழுபத்தோரு நாள் நடந்தாள். அப்புறம் மழை. விரிசல் விட்ட கார்க்கில் தண்ணீர் ஏறி, ஊறி, இரண்டாகப் பிளந்துவிட்டது. எழுபத்திரண்டாம் நாள் மறுபடி கேரியரில் உட்கார்ந்து போனாள். என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஜெர்மன்கார அம்மாள் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

எங்கள் கம்பெனியை மூடியபோது சாம்பிள் ரூமின் இடது கால்களை எடைக்குப் போட்டார்கள். நாற்பத்தோரு மூட்டை. அந்தோணி அதற்கு முன்பே இறந்துபோனார். ஸ்டெல்லா பள்ளிகொண்டாவில் வாக்கப்பட்டதாகக் கேள்வி, பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் விந்தி நடக்கிற பெண் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கிறேன்.

நான்காம் நாள் போனை எடுத்து, சொந்த உபயோகம் என்ற மூன்றாவது வட்டத்தைத் தொட்டு, வரியைக் கட்டினேன். கேட்ட தொகை முழுவதும். நேற்று ஷூ வந்தது. இடது காலைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் கெட்டியாக, முழுசாக இருந்தது. பிரித்துப் பார்த்ததற்கான அடையாளம்கூட இல்லை. இப்போது யாரும் துளை போடுவதில்லை, எந்தக் கால் என்று கேட்பதுமில்லை. சார், இது சாம்பிள் இல்லை, நடக்கிறதுக்கு வந்தது. இத்தனை வருடமாக இந்தப் பதிலை வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல அந்தக் கவுண்டர்தான் இல்லை.