மெத்தோத்தின் கல்முகம்

எங்கள் மொராவிய ஊரின் மணற்கல் குன்றில் சிற்பி யாரோஷ் குடைந்த குகைக்குள், அவர் செதுக்கிய கல்வீரர்கள் உறங்குகிறார்கள். நாட்டுக்குப் பொல்லாத காலம் வந்தால் எழுந்து வந்து காப்பாற்றுவார்கள் என்பது பழைய கதை. யாரோஷ் அவர்களுக்கு எங்கள் ஊர் ஆண்களின் முகங்களையே வைத்தார். குகையைப் பெருக்குவதும் வருகிறவர்களுக்கு விளக்குப் பிடிப்பதும் என் வேலை.

வாசலுக்கு அருகே தாடியோடு படுத்திருந்த வீரனுக்கு வண்டிக்காரர் மெத்தோத்தின் முகம். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வெளுத்த சட்டையோடு வந்து, தற்செயலாக நிற்பதுபோல அதன் பக்கத்தில் நிற்பார். யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் காது சிவந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அவரைப் படைக்கு அழைத்தார்கள். எல்லைக் கோட்டைக்குப் போனார். பெரிய நாடுகள் கூடிப் பேசி எங்கள் எல்லையை ஜெர்மானியரிடம் கொடுத்துவிட்டன. ஒரு குண்டும் சுடாமல் எல்லோரும் திரும்பினார்கள்.

மதுக்கடையில் ரொட்டிக்கடை ஸ்லாவிக் ஆரம்பித்தார்.

"வாங்க வீரரே. நல்லாத் தூங்கினீங்களா? தலகாணி குடுத்தாங்களா, அங்கயும் கல்லுதானா?"

கடையே சிரித்தது. மெத்தோத் பீரை அப்படியே வைத்துவிட்டு யாரோஷிடம் போனார்.

"என் மூஞ்சிய எடுத்துருங்க."

"எவனோ குடிச்சிட்டுப் பேசினதுக்கா?"

"நீங்க எடுக்கலன்னா நான் சம்மட்டியால எடுப்பேன்."

அவர் அடித்தால் சிலையின் தலையே போய்விடும் என்று யாரோஷே உளியை எடுத்தார். மூக்கும் தாடியும் மணலாக விழுந்தன. நான் பெருக்கி அள்ளினேன். மெத்தோத் பிறகு குகைப்பக்கம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மரம் ஏற்றிய வண்டி பனியில் சாய்ந்து, அதனடியில் சிக்கி இறந்துபோனார்.

வசந்தத்தில் ஜெர்மானியர் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் கோட்டையில் மெத்தோத்தோடு இருந்த இக்னாட்ஸ் அந்த முகத்தைப் பார்க்க வந்தார். வழிகாட்டி அழைத்து வந்தவர் ஸ்லாவிக். நான் விளக்கை உயர்த்தினேன்.

"எங்கங்க அவன் மூஞ்சி? ராத்திரியெல்லாம் இதப்பத்தியேதான் பேசுவான். கிளம்பச் சொன்னப்ப மெஷின் துப்பாக்கியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு விடல. நாலு பேரு இழுத்தோம். நானும் இழுத்தேன்."

ஸ்லாவிக் தொப்பியைக் கழற்றினார். இக்னாட்ஸ் போனதும் நேரே யாரோஷின் பட்டறைக்குப் போனார்.

"திரும்பச் செதுக்கிருங்க. செலவு என்னோடது."

"எதுலய்யா செதுக்க? மூக்குக்கு இருந்த கல்லத்தான் எடுத்தாச்சே."

வருகிறவர்கள் இன்றும் முகம் இருந்த இடத்தின் வழவழப்பைக் காட்டி யார் என்று கேட்பார்கள். ஸ்லாவிக் அங்கே இருந்தால் எனக்கு முன்னால் அவரே, "மெத்தோத்துங்க. வண்டிக்காரரு," என்பார். முகம் என்னவாயிற்று என்று கேட்டால் மட்டும் என்னைப் பார்ப்பார்.